ஆம்பிளைச் சப்பாத்து

கணவன் தனுஜன் துபாய்க்கு வேலைக்குப் போய் மூன்று மாதம். வீட்டில் ஆம்பிளை இருப்பதாக அக்கம்பக்கம் நினைக்கட்டும் என்று, அவன் போட்டுத் தேய்ந்த பழைய சப்பாத்தை நார்த்மீட்டில் இருந்த வீட்டு வாசலிலேயே வைத்திருந்தாள் தாரகா. காலைதோறும் அதற்குள் சுடுமணல் கிடக்கும். ரோசாச் சாடியில் கொட்டிவிடுவாள்.

“நாப்பதாம் மாடி, மாபிள் தரை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கெதியா வாரும்,” என்று தினமும் போனில் சொல்வான்.

நேற்று அவனுடைய கம்பனியிலிருந்து அழைத்தார்கள். தனுஜன் அங்கே வந்து சேரவேயில்லையாம்.

இன்று காலை அவன் சப்பாத்தில் மணல் இல்லை. பக்கத்தில் இருந்த மகளின் பள்ளிச் சப்பாத்து விளிம்புவரை நிறைந்திருந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். மகளின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

தாரகா வாசலுக்குத் திரும்பினாள். தன் செருப்பை எடுத்துவந்து மகளின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.