ஜப்பான் பாணி

“ஒரே பிளைவுட்டை வளைச்சுச் செஞ்ச நாற்காலி மச்சான். ஜப்பான் பாணி!” என்றார் வீட்டுக்காரர் பெருமை பொங்க.

மனைவியின் தம்பி அதில் உட்கார்ந்தபடி நெளிந்தான். “சாய்ஞ்சா முதுகுல குத்துதே அத்தான்.”

“எளிமைன்னா அப்படித்தான். ஒரு மாசமா பழகறேன். எனக்கு இப்ப ரெண்டே இடத்துலதான் குத்துது.”

வாசல் மணி அடித்தது. கடை ஊழியர் நின்றிருந்தார்.

“சார், போன மாசம் நாற்காலி வந்துச்சே, அதோட பேக்கிங் பலகையைத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்தேன்.”

“அதை அன்னிக்கே சமையலறைப் பக்கம் தள்ளிட்டேனே.”

ஊழியர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். மச்சானிடம் பணிவாகச் சொன்னார்: “கொஞ்சம் எழுந்திரிங்க சார். நீங்க உக்காந்திருக்கறதுதான் பேக்கிங்.”

வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. “அப்போ நாற்காலி?”

சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள். “ஏங்க, அந்தப் பேக்கிங்கை மட்டும் குடுத்துடாதீங்க! அதுல உக்காந்துதான் தினமும் வெங்காயம் உரிக்கறேன். முதுகுக்கு அவ்வளவு சுகம்!”