காதில் விழுந்த சொல்

விசாரணை அறையில் காவலர் அதிகாரியின் முன் நின்றார். சம்மன் கொடுக்கப் போன வீட்டில் நாயைச் சுட்டுவிட்டார். சுட்டது நியாயம்தான் என்று அதிகாரி சொல்லாவிட்டால் வேலைக்கே உலை.

"பாய்ஞ்சு வந்துச்சுய்யா. இவரு அதைத் தடுக்கல, தூண்டிவிட்டாரு."

நாய்க்காரர் கொத்தனார். சிமென்ட் காய்ந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, கடின்னு கத்தினியா?" என்று கேட்டார் அதிகாரி.

"கத்தினேங்க."

"எத்தனை தடவை?"

"தொண்டை கிழிய மூணு தடவைங்க."

காவலருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"கடிக்கச் சொல்லிட்டு, இங்க வந்து ஒப்பாரி வைக்கிறியா?"

"கடிக்கச் சொல்லலீங்க, கூப்பிட்டேன். அதோட பேரே கடிதாங்க."

அதிகாரியின் பேனா நின்றது.

"தெருவுல கிடந்த கிழட்டு ஜீவன். வாயில ஒரு பல்லு கிடையாது, ரொட்டியைக்கூட நனைச்சுத்தான் குடுப்போம். அதனால என் மக கிண்டலா வச்ச பேருங்க. யாரு வந்தாலும் வாலை ஆட்டிக்கிட்டு அவங்ககிட்ட ஓடும். இவரு துப்பாக்கியை எடுக்கவும், பதறிப்போய், திரும்பி வரட்டும்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அந்தச் சொல்லைக் கேட்டா எவனும் சுடத்தான் செய்வான். காவலர் மேல தப்பில்ல."

"ஆமாங்க. தப்பு நாங்க வச்ச பேருலதான்" என்று கொத்தனாரும் தலையாட்டினார். "ஆனா, மூணாவது தடவை கூப்பிட்டப்போ அது என் பக்கம் திரும்பிடுச்சுங்க."

அதிகாரி காவலரை நிமிர்ந்து பார்த்தார்.

அது திரும்பியதைக் காவலர் பார்த்திருந்தார். அதற்குப் பிறகுதான் சுட்டார்.