மீனுக்கு ஆகாத கண்ணாடி

மொட்டைத் தலையோடு ஜெயசீலி மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, படுக்கையறை நிலைக்கண்ணாடி போர்வை போட்டு மூடியிருந்தது. எதிரே, பாதி தண்ணீரும் பாதி பாசி படர்ந்த மண்ணுமாக ஒரு புதுத் தொட்டி. அதில் நீல ஃபைட்டர் ஆண் மீன், தடுப்புக்கு அப்பாலிருந்த சிவப்புப் பெண்ணுக்காக நுரைக்கூடு கட்டிக்கொண்டிருந்தது.

“கலப்புக் குஞ்சு எடுக்கப்போறேன் சீலி. இதுக்குக் கண்ணாடி ஆகாது. தன்னையே பாத்துச் சண்டைக்குப் போயிடும்,” என்றான் கணவன் சகாயராஜ், மீனைப் பார்த்தபடியே.

அவள் மறுநாள் காலையில் போர்வையை உருவித் தொட்டியைச் சுற்றிப் போர்த்தினாள்.

“சண்டை போடுறது அதுதானேங்க. அத மூடுனாப் போதும்.”

பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். உச்சந்தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

“சீப்பு எங்கங்க? அதுவும் மீனுக்கு ஆகாதா?”