வலது கண்ணில் மட்டும்

ஊசி போட்டதும் தயாளனுக்குத் தலைவலி அடங்கியது. வலது கண்ணில் மட்டும் இன்னும் நீர் வழிந்தது.

“வலி நேரத்துல ரத்தத்துல பெப்டைடுன்னு ஒரு புரதத் துணுக்கு ஏறுது. அதைத்தான் இங்க ஆராய்ச்சி பண்றோம்” என்றார் டாக்டர் இளவேனில்.

“இவர் அழறார்னு நெனச்சேன்” என்றாள் மனைவி யசோதா.

“அழுதா ரெண்டு கண்ணுலயும் வருமே மேடம். இந்தத் தலைவலில வலிக்கிற பக்கம் மட்டும்தான் வரும். மொதல்ல எப்ப வந்துச்சு சார்?”

“எட்டு வருஷம் இருக்கும் டாக்டர். இவளுக்கு சிங்கப்பூர்ல வேலை கெடச்சு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பினோம். மடிவாளா சிக்னல்ல பிடிச்சுது. உயிர் போற வலி. பயந்துடுவாளேன்னு வாயே தொறக்கல.”

“அப்புறம்?”

“இவதான் போகலியே! அங்கேயே ஆட்டோவைத் திருப்பச் சொல்லிட்டா. ஏன்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் சொல்றதில்ல.”

அன்று ஆட்டோவில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது அவனுடைய வலது கண்தான். அது வழிந்ததை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். “என்ன மேடம், உங்களுக்கும் தலைவலியா?”

“இல்ல டாக்டர்” என்றாள் யசோதா. “எனக்கு ரெண்டு கண்ணுலயும் வருது.”