தலைமாட்டு ஒற்றன்

"என் தலைமாட்டுலயே கேமரா வைக்கிற அளவுக்கு வந்துட்டீங்களா?"

பக்கிரிசாமி கேட்ட கேள்வியில் மகன் குணாளனுக்குக் கோப்பி புரையேறியது. கிழவரின் தலையணைக்கு நேர் மேலே, சன்னல் விளிம்பில், சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"கேமரா இல்லப்பா, வைஃபை. ஷர்மினி சாயங்காலத்துல ஆன்லைன் கிளாஸ் படிக்கிறாள்ல? இந்தச் சன்னல்லதான் லைன் நல்லா கிடைக்குது."

"வயரு எங்கடா?"

"வயரே வேணாம்ப்பா. உள்ள சிம் கார்டு இருக்கு. காத்துல வரும்."

"காத்துல கொசுதான் வரும். லோரி ஓட்டி ஊரு பூரா சுத்துனவன்டா நான். எங்கிட்ட கதை விடாத."

அவர் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. மருமகள் ஷர்மினிக்குச் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தரைவீடு பிடித்துப்போயிருந்தது. இந்தச் சுங்கை பினாங் பிளாட்டை விட்டுக் கிளம்புவதா என்று ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்வதாகப் பேச்சு. மகன் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. கீழே லிஃப்ட் பக்கத்துப் பெஞ்சும், அதில் உட்கார்ந்து வாயடிக்கும் கூட்டாளிகளும் சிம்பாங் அம்பாட்டுக்குக் கூடவே வரப்போவதில்லை.

மகனிடம் மறுபடி போய் நின்றால் மானம் போகும். மருமகள் முன்னால் நின்று 'எனக்கு இது வேணும்' என்று மாமனார் கேட்பது அவர் குடும்பத்தில் வழக்கமே இல்லை.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. கிழவன் மனசில் என்ன இருக்கிறது என்று ஒட்டுக்கேட்கத்தான் மருமகள் இந்தப் பெட்டியை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. சரி, கேட்கட்டும்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும் சோதித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஹபீபா பீவி சம்பல் இடிக்கும் சத்தம் தலையணை வரை அதிர்ந்தது. அதற்கு மேல் கேட்க வேண்டுமே என்று பெட்டிக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினார்.

"சொறாப் புட்டு தின்னு எவ்ளோ நாளாச்சு!"

அடுத்த நாள் ராத்திரி தட்டில் சுறாப் புட்டு வந்தது. பக்கிரிசாமி தட்டையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சும்மா, செய்யணும்னு தோணுச்சு மாமா" என்றாள் ஷர்மினி.

தோணுமே! பெட்டி சொன்னால் தோணத்தானே செய்யும்?

அதற்கு மறுநாள் மத்தியானம் சம்பல் இடிக்கும் சத்தம் திடீரென்று நின்றுபோயிருந்தது. வீடு அமைதியாக இருந்தது, நிம்மதியாகப் பேச முடிந்தது.

"என் மருமக தங்கம்" என்று முதலில் ஒரு ஐஸ் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா அந்த சிம்பாங் அம்பாட்டு... அங்க எனக்கு யாரத் தெரியும்? காலையில நீங்க ரெண்டு பேரும் கெரேத்தாவுல ஏறிப் போயிருவீங்க. நான் கேட்டப் பூட்டிட்டு நாயி மாரி உக்காந்திருக்கணும். செத்தா இங்கயே சாவறேன். இங்கன்னா தூக்கிட்டுப் போறதுக்காவது நாலு பேரு இருக்கானுங்க."

ஐஸ் வைக்கத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை குணாளன் வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அப்பா, அந்த வீடு வேணாம்னு ஷர்மினியே சொல்லிட்டா. இங்கருந்து வேலைக்குப் போறதுதான் அவளுக்கும் ஈசியாம். இங்கயே இருந்துருவோம், சரியா?"

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு தெரியாமலிருக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை வீடு காலியானதும் முதல் வேலையாகப் பெட்டியைத் துண்டால் துடைத்தார். புதுக் காருக்கு வைப்பதுபோல் அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒன்னையப் போய் நம்பாம இருந்துட்டேனேடா! நீ மட்டும் என் மருமக காதுல போடலன்னா இந்நேரம் நான் மூட்டை கட்டிக்கிட்டு இருப்பேன். ரொம்ப நன்றிடா, ராசா!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹபீபா பீவியின் குரல் வந்தது.

"பெட்டிக்கு ஏன் அண்ணே நன்றி? ஓடி ஓடிப் போயிச் சொன்னது நான்லா!"