வராத மூக்கு

"ஆடாதீங்கப்பா" என்றேன்.

அப்பா ஆடாமல் உட்கார்ந்தார். ஆறு நாள் லாரியில் குலுங்கிவிட்டு வந்த உடம்பு. ஏழாம் நாள் ஜன்னலோர நாற்காலியில், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வதுபோல விறைத்துக்கொண்டு உட்காரும்.

நான் பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் அட்டை, தாள், பென்சில் சகிதம் அவருடைய ஒரு பக்க முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வரைய வராது. கல்லூரியில் என் அமீபாவுக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. உருவமே இல்லாத உயிரைக்கூடத் தப்பாக வரையலாம் என்று நிரூபித்தவள் நான்.

இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே என் கை தவறவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை தவறலாம். தவறினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொன்னால் புரியாது.

காது எப்படியோ வந்துவிடும். மூக்குதான் வராது. எப்போதோ உடைந்து, சரியாகச் சேராமல், நடுவில் மேடு தட்டிப்போன மூக்கு.

அம்மா ஈரக் கையோடு வந்து என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வாரம் கத்திரிக்காய்."

"போன வாரத்துக்குத் தேவலை" என்றார் அப்பா, உதடு அசையாமல். படத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

"ம்க்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு." அம்மா உள்ளே போய்விட்டாள்.

நான் கத்திரிக்காயை அழித்தேன்.

முகத்தைத் திருப்பக் கூடாது என்பதால் அப்பா ஜன்னலோடுதான் பேசுவார். எங்கள் இருவருக்குமே அது வசதி. முகம் பார்த்துப் பேச அவருக்கும் வராது, எனக்கும் வராது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அவர் வரும்போது தூங்கியிருப்பேன். விழிக்கும்போது வாசலில் அவர் செருப்பு இருக்காது. இந்த நாற்காலிப் பழக்கம் வந்த பிறகுதான் தெரியும், மலைப்பாதை என்றால் அவருக்கு இன்னமும் பயம் என்று. பயம் தெரியாமலிருக்க வண்டியில் சத்தமாகப் பாடுவார் என்று. என் வராத கைக்கு நான் நன்றி சொல்லாத ஞாயிறு இல்லை.

இன்று மூக்கு உடைந்த கதை.

"அன்னைக்குச் சரியான மழை பாப்பா. முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டு மட்டும்தான் தெரியுது…"

அப்போது அண்ணன் வந்தான். என் தோளுக்கு மேலாகக் குனிந்தவன், மேசையிலிருந்த போன வாரத்து அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"பாவம்டி அப்பா. ஓவிய வகுப்பு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், என் செலவு. மூணே மாசம், அச்சு அசலா வந்துடுவாரு. பேரைக் கொடுத்துடட்டுமா?"

ஆசையாகத்தான் கேட்டான். விரல் ஏற்கெனவே போனில் இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரிடமும் வந்ததில்லை. தலை பாதி ஆடிவிட்டது.

அப்பா சட்டென்று திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

"வேணாம்டா. நல்லா வரையக் கத்துக்கிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவா."

அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் போனான்.

நான் தாளைப் பார்த்தேன்.

எப்படி நடந்தது என்று தெரியவில்லை. மழைக் கதையைக் கேட்டுக்கொண்டே கை இழுத்த ஒரு கோடு. மேடு இருக்க வேண்டிய இடத்தில் மேடு இருந்தது. அதற்குக் கீழே சரிவும் இருந்தது. அப்பாவின் மூக்கேதான்.

ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரப்பரை எடுத்தேன்.

"மூக்கு இன்னும் வரலைப்பா. நேரமாகும்."

அப்பா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விறைப்பு போய், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

"மெதுவா வரை பாப்பா. எங்க விட்டேன்? ஆங், மழை."