கோடு விழாத உருளை

ராய்ஸ் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். விரல் விரலாக, அவசரமில்லாமல், இதய அறுவைக்குப் போகிறவரைப் போல.

மேசைக்கு இந்தப் பக்கம் வெர்லன் ஸ்டக்கி, எல்லாம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நின்றுகொண்டிருந்தார்.

ராய்ஸ் துப்பாக்கி வியாபாரி. விலையெல்லாம் நேற்றே தொலைபேசியில் பேசியாகிவிட்டது. சரக்கைப் பார்த்துவிட்டுக் கை குலுக்க வேண்டியதுதான் பாக்கி. ஓக்லஹோமா துப்பாக்கிக் கண்காட்சியில் கை குலுக்கினால் குலுக்கியதுதான். அதற்குப் பிறகு வக்கீலே வந்தாலும் பேச்சு கிடையாது.

குலுக்கிய பிறகு, சேகரிப்பு மொத்தத்தையும் விற்றாயிற்று என்று மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது வெர்லனின் திட்டம்.

ஒலீட்டா அவருக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாவம், அவளுக்கும் விடுதலை.

மேசைமேல் கண்ணாடி மூடிய பெட்டிகளில் நாற்பத்தொரு ரிவால்வர்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், 1957 தொடங்கி வருடத்துக்கு ஒன்று. வெளியாட்களுக்கு நாற்பத்தொன்றும் ஒன்றுபோலத் தெரியும். அந்த வெளியாட்களைப் பார்த்து வெர்லன் பரிதாபப்படுவது உண்டு.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தார். நாற்பத்தொன்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சேகரிப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதவியை எடுத்துவிட்டால், அவர் குடிநீர் மீட்டர் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், அவ்வளவுதான். அதனால் விசுவாசம் போன பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குப் போவதைப் போல வருடா வருடம் மேடையேறி, 1961இல் ஒரு திருகாணி குறைந்த வரலாற்றை முக்கால் மணி நேரம் பேசினார். சங்கத்தார் கண் கலங்கினார்கள். அவர் இறங்கி வந்து கண்ணாடிக்கு மேலாகத் தூசி தட்டினார். மூடியைத் திறப்பதே இல்லை. எடுத்து வைப்பது, கட்டுவது, பிரிப்பது எல்லாம் ஒலீட்டாவின் பொறுப்பாகிப் போனது.

"முதல்ல பெரியவரைப் பார்ப்போம், தலைவரே," என்று ராய்ஸ் 1957ஐ எடுத்தார்.

நாற்பத்தொன்றும் சுடாத துப்பாக்கிகள். சுடாதது என்றால் சும்மா இல்லை. குண்டு போடும் உருளையை ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. சுற்றினால் உள்ளிருக்கும் ஒரு சின்னக் கொக்கி உரசி, உருளையைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் சங்கத்தில் அதற்குப் பேர் வெறும் துப்பாக்கி. சுடுவதற்கென்று செய்த ஒரு பொருளைச் சுடாமல் காப்பாற்ற இவ்வளவு பாடுபடும் ஆண்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

ராய்ஸ் துப்பாக்கியை வெளிச்சத்தில் சாய்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார்.

"தலைவரே, இது சுட்ட துப்பாக்கி."

"ராய்ஸ், நானே இதைச் சுத்தினதில்ல."

"நீங்க சுத்தல. யாரோ நல்லாவே சுத்தியிருக்காங்க. பாருங்க, மோதிரம் போட்ட மாதிரி இருக்கு."

பக்கத்து மேசையில் உப்புக்கண்டம் விற்பவர் வாயில் போட்ட துண்டை மெல்லாமல் நிறுத்தினார்.

பின்னால் பென்சில் சத்தம் நின்றது.

"நான்தான்," என்றாள் ஒலீட்டா. "செவ்வாய்க்கிழமையில, நீ சங்கத்துக்குப் போறப்ப."

"என்ன பண்ணுவ?"

"துப்பாக்கிய வச்சு என்ன பண்ணுவாங்க? கொட்டகைக்குப் பின்னால பீன்ஸ் டப்பா அடுக்கிச் சுடுவேன். எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிடுவேன்."

"கோடு விழும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? உன் பேச்ச முப்பத்திரண்டு தடவ கேட்டிருக்கேனே. முதல் வருஷம் பயந்துகிட்டே இருந்தேன், நீ திறந்தா கண்டுபிடிச்சிடுவியோன்னு." அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "நீ திறக்கவே இல்ல. அப்பதான் தெரிஞ்சுது, உனக்கு ஆசை விட்டுப்போச்சுன்னு."

வெர்லன் கோபம் வரும் என்று காத்திருந்தார். சங்கத் தலைவருக்கு வர வேண்டிய கோபம். வரவில்லை.

வந்தது பொறாமை. தன் துப்பாக்கி எப்படிச் சத்தம் போடும் என்று தனக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும்.

ராய்ஸ் நல்ல மனிதர். பேச்சைக் கேட்காதவர்போல 1957ஐப் பெட்டியில் வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"பரவாயில்ல, இது ஒண்ண விட்டுடுவோம். மிச்சம் நாப்பதுக்கும் பேசின விலைதான்." கையை நீட்டினார்.

வெர்லன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தார்.

"சுட்டா குண்டு இடப்பக்கம் இழுக்குதா?" என்று கேட்டார். நான்கு வருடத்தில் ஒரு ரிவால்வரைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட முதல் கேள்வி.

ஒலீட்டா கொஞ்சம் யோசித்தாள்.

"இது இழுக்கும். அறுபத்தியொண்ணு இதைவிட மோசம், அந்தத் திருகாணிய எடுத்திருக்கவே கூடாது. எழுபத்திநாலுதான் நூல் பிடிச்ச மாதிரி போகும்."

நீட்டிய கை அப்படியே இருக்க, ராய்ஸ் மெதுவாகத் திரும்பி அந்த நாற்பதையும் பார்த்தார்.

வெர்லன் எழுபத்திநாலைத் தேடினார். மூன்றாவது பெட்டியில், இடமிருந்து நான்காவது. எப்படி இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை.